கெளிறு முள் குத்தியும் வலிக்கவில்லை என்றால்

வாசகர் கடிதம்:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் பாம்பனுக்குப் பக்கம். அப்பாவுக்கு 51 வயது, நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன மாதம் வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது வலது கை சுண்டு விரலில் கெளிறு மீனின் முள் ஆழமாக ஏறிவிட்டது. கூட இருந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "கடல்ல கெடந்து கெடந்து கை மரத்துப் போச்சுடா" என்று சிரிக்கிறார். அந்தக் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் நாலைந்து மாதமாக மடங்கியே இருக்கின்றன. வலை ஊசி நழுவி விழுகிறது. முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது, அரிப்பு கிடையாது. ஒரு கிளினிக்கில் சுகராக இருக்கும் என்று சத்து ஊசி போட்டார்கள். சுகர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கும் போய் வந்துவிட்டோம். இப்போது எங்கள் கிராமத்து நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, தொழுநோயாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு வாங்க என்கிறார். அம்மா சாப்பிடாமல் அழுகிறார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோலில் வருகிற நோய் விரலை எப்படி மடக்கும்? விரல் உதிர்ந்துவிடுமா? எங்களுக்கும் ஒட்டுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, தேமலைப் பற்றியும் விரலைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கெளிறு முள்தான். கெளிறு குத்தினால் எப்படி இருக்கும் என்று கடற்கரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த முள்ளை மூடியிருக்கும் மெல்லிய தோலில் விஷம் இருக்கிறது. முப்பது வருடம் கடலோடியவரும் கையை உதறிக்கொண்டு துடிப்பார். கரைக்கு வந்து பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட முள் ஏறியது ஒருவருக்குத் தெரியவே இல்லை என்றால், அது கடலில் கிடந்து மரத்த கை இல்லை. உப்புத் தண்ணீரில் தோல் தடிக்கும், வெடிக்கும். வலி மட்டும் எங்கேயும் போகாது. வலியை மூளைக்கு எடுத்துப் போகிற நரம்பில் கோளாறு இருந்தால்தான் இப்படி ஆகும்.

மற்றதைப் படிப்பதற்கு முன்னால் ஒன்று. அந்த வெந்நீர் வைத்தியம் அப்பாவின் வலது கைக்கு இனி வேண்டாம். பொறுக்கிற சூடு எது என்று அந்தக் கைக்குத் தெரியாது, வெந்து போகும். டீ கிளாஸையும் இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். முள் ஏறியபோது ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டீர்களா என்று எழுதவில்லை. கடைசி ஊசி எப்போது என்று நினைவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய மாட்டேன், ஆளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அரிப்பில்லாத பழைய தேமல், உணர்ச்சி போன விரல், மடங்கிய இரண்டு விரல் என்று மூன்றும் ஒரே கையில் சேர்ந்து வந்தால் நானும் அந்த நர்ஸ் அக்கா சொன்னதைத்தான் முதலில் சொல்வேன். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். சத்து ஊசியோடு போயிருக்க வேண்டிய கதையை அவர் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

சுகராக இருக்கும் என்று நினைத்ததில் தப்பில்லை, அதுவும் நரம்பைக் கெடுக்கும். ஆனால் அதன் போக்கு வேறு. சுகர் நீளமான நரம்புகளை நுனியிலிருந்து தின்னும். அதனால் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். தொழுநோய் அப்படி ஒழுங்காக வராது. இந்த முழங்கை, அந்தக் கணுக்கால் என்று பொறுக்கி எடுக்கும். ஒரு கை மட்டும், அதிலும் சுண்டு விரல் பக்கம் மட்டும் என்றால் சுகர் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. படகு விளிம்பில் முழங்கையை ஊன்றி ஊன்றி நரம்பு நசுங்கியிருக்கலாம், கழுத்து எலும்பிலிருந்தும் வரலாம். பார்க்கிற டாக்டர் இவற்றையும் யோசிப்பார். ஆனால் இவை எதுவும் தேமலைக் கொண்டுவராது.

தோலில் வருகிற நோய் விரலை எப்படி மடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது தோல் நோய் என்பதே பாதி உண்மைதான். தோலில் தெரிகிறதால் தோல் டாக்டரிடம் போகிறோம். அந்தக் கிருமியின் உண்மையான குடியிருப்பு நரம்பு.

1873இல் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் கண்டுபிடித்த கிருமி இது. காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன், ஆனால் மகா சோம்பேறி. சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமி அரை மணி நேரத்துக்குள் இரண்டாகிவிடும். இது இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். தனியாகப் பிழைக்கத் தெரியாது, ஆய்வகத் தட்டில் இன்றுவரை யாராலும் வளர்க்க முடிந்ததில்லை. உடம்புக்குள் நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். ஆகவே யாரிடமிருந்து ஒட்டியது, எந்தப் படகில் ஒட்டியது என்று தேடி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

அதற்கு உடம்பின் சூடு ஒத்துக்கொள்ளாது. நம் உள்ளுடம்பு 37 டிகிரி, அது விரும்புவது 30ஐ ஒட்டிய குளிர்ச்சி. அதனால் மூக்கு, காது மடல், தோல், தோலுக்கு அடியிலேயே ஓடுகிற நரம்புகள் என்று உடம்பின் குளிர்ந்த ஓரங்களில் போய்த் தங்கும். ஆழத்தில் இருக்கிற மூளையையும் தண்டுவடத்தையும் அது தேடிப் போவதில்லை.

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல்வரை கரண்ட் அடித்த மாதிரி சுள்ளென்று பாயுமே, அந்த நரம்புதான் இங்கே கதாநாயகன். முழங்கைக்குப் பின்னால் எலும்புப் பள்ளத்தில், தோலுக்குக் கீழேயே, விரலால் உருட்டிப் பார்க்கும் தூரத்தில் ஓடுகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது அது. விரல்களை நீட்ட, விரிக்க, சேர்க்க உதவும் உள்ளங்கைச் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுவே. அது பழுதானால் அந்தச் சிறு தசைகள் சூம்பிப்போகும். முன்கையிலிருந்து வரும் பெரிய தசைநார்கள் எதிர்ப்பில்லாமல் இழுக்க, இரண்டு விரலும் கொக்கி மாதிரி வளையும். அப்பாவின் கையைப் பாருங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம், சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா? வலை ஊசியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடிக்கிற வலு அந்தச் சதையில்தான் இருக்கிறது. ஊசி நழுவுவது கவனக்குறைவால் இல்லை.

சரி, இத்தனை சோம்பேறிக் கிருமி எப்படி ஒரு நரம்பைக் கொல்கிறது? பெரும்பாலும் அது கொல்வதில்லை, நம் உடம்புதான் கொல்கிறது.

நரம்பு என்பது பல இழை சேர்ந்த கயிறு. ஒவ்வொரு இழையையும் சுற்றி ஒரு காப்பு உண்டு, அந்தக் காப்பைப் போட்டுக் காப்பாற்றுவது ஷ்வான் செல்கள். தொழுநோய்க் கிருமி நேராக அந்த ஷ்வான் செல்லுக்குள் போய் உட்கார்ந்துவிடும். காவல்காரன் வீட்டுக்குள்ளேயே திருடன் குடியிருப்பதால் உடம்பின் எதிர்ப்புப் படைக்கு வருடக்கணக்கில் விஷயம் தெரியாது. அதற்குள் காப்பு மெதுவாகக் கெட்டுக்கொண்டிருக்கும். மெல்லிய இழைகளில்தான் முதல் அடி விழும். முதலில் சூடு தெரியாது, பிறகு வலி, பிறகு தொடுவது. வியர்வைச் சுரப்பிக்குப் போகிற இழைகளும் போய்விடுவதால் அந்த இடத்தில் வியர்க்காது. வெயிலில் படகில் நிற்கும்போது உடம்பெல்லாம் வியர்த்து அந்தத் தேமல் மட்டும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு நாள் படைக்குத் தகவல் போய்விடும். அது கிருமி இருக்கிற இடமெல்லாம் பாய்ந்து அடிக்கும். தேமல் சிவந்து தடிக்கும், நரம்பு வீங்கும். இதைத்தான் ரியாக்ஷன் என்கிறோம். தோல் வீங்கினால் வெளியே விரிய இடம் இருக்கிறது. முழங்கைப் பள்ளத்தில் எலும்புக்கும் இறுக்கமான உறைக்கும் நடுவே கிடக்கிற நரம்புக்கு எங்கே இடம்? தன் வீக்கத்தாலேயே நெரிந்து, ரத்த ஓட்டம் குறைந்து, இழைகள் சாகும். கிருமிக்கு வருடங்கள் ஆகிற வேலையை இந்தச் சண்டை சில வாரங்களில் முடித்துவிடும். சிலருக்கு நரம்பு வலியே இல்லாமல் சத்தமில்லாமலும் இது நடக்கும். உங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் நடந்திருக்குமோ என்பது என் சந்தேகம்.

உடம்பின் படையே தன் நரம்பை அடிப்பது தொழுநோயில் மட்டும் இல்லை. வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில் கால் தளர்ந்து, அடுத்த நாள் எழுந்து நிற்க முடியாமல், பிறகு கையும் தளர்ந்து, மூச்சும் திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிலான் பாரே என்று அந்த நோய்க்குப் பெயர். அங்கே கிருமி எப்போதோ செத்திருக்கும், அதை அடிக்கக் கிளம்பிய படை ஆள் மாறாட்டத்தில் நரம்புக் காப்பைச் சிதைத்துக்கொண்டிருக்கும். யாருக்காவது அப்படிக் கால் தளர்ந்து ஏறிக்கொண்டே வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரண ஜன்னிக் கிருமி புண்ணைவிட்டு நகராது, அதன் விஷம்தான் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறித் தாடையைப் பூட்டும். வெறிநாய்க்கடியில் கிருமியே நரம்பைப் பிடித்து மூளைவரை நடந்து போகும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எங்களால் செய்ய முடிகிறது ஒன்றுமில்லை. சின்ன வயதில் வந்த தண்ணீர் அம்மையின் கிருமி முதுகுத்தண்டுக்குப் பக்கத்து நரம்பு முடிச்சில் ஐம்பது வருடம் தூங்கிவிட்டு, விலாவைச் சுற்றி அக்கியாக எழுந்திருக்கும். இவற்றில் எதற்கும் தொழுநோய் அளவுக்குக் கெட்ட பெயர் கிடையாது. உயிரை வாங்குகிற நோய்களுக்குக் கூட ஊர் மன்னிப்புக் கொடுத்துவிடுகிறது, உயிரை வாங்காத இதற்குக் கொடுக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். விரல் உதிராது. தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை. இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றிக் கட்டி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் நுனி காணாமல் போவது மட்டும் அவருக்குப் புரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது, தூங்குகிறவருக்கு வலிக்காததால் கையை இழுக்கவில்லை. அதன் பிறகு நோயாளிகள் படுக்குமிடத்துக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்களாம். விரல் குட்டையாவது வலி தெரியாமல் சுட்டுக்கொண்ட, வெட்டிக்கொண்ட, சீழ் வைத்தும் ஓய்வு கொடுக்காத புண்களால்தான். காவலுக்கு வலி இல்லாத கைக்குக் கண்ணைக் காவல் வைக்க வேண்டும். அப்பா தினமும் ராத்திரி வெளிச்சத்தில் இரண்டு கையையும் இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். பார்க்கப் பொறுமையில்லாதவர் என்றால் நீங்கள் பாருங்கள்.

இதில் நான் யாருக்கும் உபதேசம் செய்கிற இடத்தில் இல்லை. படிப்பு முடித்த புதிதில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். கருவாடு காயப்போடுகிற ஓர் அக்கா விரலில் கொப்புளத்தோடு வந்தார். அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னார், கட்டுப் போட்டு அனுப்பினேன். அடுத்த மாதம் வேறு விரல். மூன்றாம் முறையும் கட்டுப் போட்டேன். கொப்புளத்தை நான் கத்தரித்தபோது மூன்று தடவையும் அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பொறுமைசாலி என்று நினைத்தேன். வலித்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் கை மடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கிளினிக்கில் சத்து ஊசி போட்டவர்மேல் கோபம் இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று 2005 கடைசியில் அரசு அறிவித்த பிறகு, இது ஒழிந்துபோன நோய் என்ற நினைப்பு டாக்டர்களுக்கே வந்துவிட்டது. ஆனால் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான்.

நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் அந்த "நாலைந்து மாதம்". உணர்ச்சியோ வலுவோ குறைந்து ஆறு மாதத்துக்குள் வந்தால், ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடியவைத்து நரம்பை மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆறு மாதம் தாண்டினால் அந்த வாய்ப்பு மளமளவென்று குறையும். மூன்று வருடத் தேமலை எண்ணிக் கைவிட வேண்டாம், விரல் மடங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. அது எந்த மாதம் என்று அம்மாவிடம் கேட்டுச் சரியாகக் குறித்துக்கொண்டு போங்கள். கந்தூரி முடியட்டும், மீன்பாடு நன்றாக இருக்கிற சீசன் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே போங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கினால் போதும். அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நேரே ராமநாதபுரம் போனாலும் சரி. அங்கே பெரிய மெஷின் எதையும் எதிர்பார்க்காதீர்கள். முழங்கைக்குப் பின்னால், முழங்காலுக்கு வெளிப்பக்கம், கணுக்காலுக்கு உள்பக்கம், கழுத்து என்று நரம்புகளை விரலால் உருட்டித் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். காது மடலில் துளி கீறி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு குச்சியில் செருகிய நைலான் இழையால் விரல் விரலாகத் தொடுவார்கள், தெரிகிறதா என்று கேட்பார்கள். இழை வளைகிற அளவுக்கு அழுத்துவது கணக்கு, ஒவ்வொரு தடிமனுக்கும் ஒவ்வோர் எடை. அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். அவர் வாழ்நாளெல்லாம் கையாண்ட தங்கூசி நைலான் இழையின் தம்பிதான் அது. நான் ஒரு முறை ஒரு மீனவருக்குச் சோதனை செய்தபோது, இதை எந்தக் கடையில வாங்குனீங்க, எத்தனாம் நம்பர் என்று கேட்டார். கேட்டவருக்குச் சுண்டு விரலில் அது பட்டதே தெரியவில்லை.

நோய் உறுதியானால் மருந்து இலவசம். கூட்டு மருந்து சிகிச்சை என்பார்கள். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்று மூன்றும் 28 நாளுக்கு ஒரு அட்டையாக வரும். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். மாதத்துக்கொரு முறை ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை, பதற வேண்டாம். குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும், மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் திரும்பும். வெயிலில் நிற்கிறவருக்குக் கூடுதலாகவே தெரியும், அதைப் பார்த்து ஊர் ஏதாவது பேசும். பேசட்டும். உடம்பெல்லாம் அரித்துத் தடித்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் இனிமேல்தான். மாத்திரை கிருமியைக் கொல்லும், செத்த நரம்பை எழுப்பாது. செத்த கிருமியின் மிச்சத்தைப் பார்த்துக்கூட உடம்பின் படை கிளம்பும். ஆகவே சிகிச்சை நடக்கும்போதும், முடிந்து ஓரிரு வருடம் கழித்தும் ரியாக்ஷன் வரலாம். மருந்து சாப்பிட்டுத்தான் அதிகமாச்சு என்று மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் அந்த நேரத்தில்தான் எறிகிறார்கள். மாத்திரை தொடர வேண்டும், கூடவே ஸ்டீராய்டும் சேர வேண்டியிருக்கும். அந்த ஸ்டீராய்டை மெடிக்கல் கடையில் நீங்களாக வாங்கக் கூடாது, நடுவில் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கிற மருந்து அது. சுகரையும் பிரஷரையும் இடையிடையே பார்ப்பார்கள்.

வீட்டில் வாரம் ஒரு நாள் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சுண்டு விரலை வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லி உங்கள் விரலால் எதிர்த்துத் தள்ளுங்கள். கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லித் தள்ளுங்கள். குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். கண்ணை இறுக்கி மூடச் சொல்லி இடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். போன வாரத்தைவிட ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால், முழங்கை நரம்பில் வலி எடுத்தால், கண் சிவந்து வலித்தால் அடுத்த மாத்திரை நாளுக்குக் காத்திருக்காமல் மறுநாளே போய்விடுங்கள்.

ஒட்டுமா என்று கேட்டீர்கள். மனிதர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை விரட்டும் சக்தி பிறவியிலேயே உண்டு. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான் கொஞ்சம் ஆபத்து. மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் தன்மை சீக்கிரமே போய்விடும். தட்டு, டம்ளர், பாய் எதையும் பிரிக்க வேண்டாம். தம்பி, அதைப் பிரித்து வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், நோயைவிட அதுதான் ஆளை முடித்துவிடும். நீங்களும் அம்மாவும் தங்கையும் ஒருமுறை உடம்பு முழுக்கக் காட்டிவிட்டு வாருங்கள். கூட இருப்பவர்களுக்கு வராமல் தடுக்க ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பதும் அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது, கேளுங்கள். இன்னொன்று, உடம்பில் எங்காவது பால் மாதிரி வெள்ளைத் திட்டு இருந்து அதை யாராவது வெண்குஷ்டம் என்று சொன்னால் குழம்பாதீர்கள். அது வெண்புள்ளி. கிருமியும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது, நரம்பையும் தொடாது. பெயர் வைத்தவர் செய்த பாவம்.

தங்கை கல்யாணத்துக்கும் இதற்கும் மருத்துவத்தில் சம்பந்தம் இல்லை, இது பரம்பரை நோயும் இல்லை. ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு, ஆஸ்பத்திரியில் யாரும் வெளியே சொல்லக் கூடாது. தொழுநோயைக் காரணம் காட்டிக் கணவனோ மனைவியோ விவாகரத்துக் கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது, அதை 2019இல்தான் எடுத்தார்கள். சட்டத்துக்கே அவ்வளவு நாள் ஆனபோது உங்கள் அம்மா ஒரு வாரம் அழுவதில் ஆச்சரியமில்லை. அழட்டும், சாப்பிட மட்டும் வையுங்கள். ஏர்வாடிக்குப் போனதையும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். மனசுக்கு அது வேண்டுமென்றால் திரும்பவும் போங்கள், மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

தொழிலை விடச் சொல்வேனோ என்று அப்பா பயப்படுவார். விட வேண்டாம். டாக்டர் ஓய்வு சொல்கிற சில வாரங்கள் மட்டும் முழங்கையை மடக்கி இழுக்கிற வேலை, வலை இழுப்பது, நங்கூரம் தூக்குவது வேண்டாம். படகு விளிம்பில் முழங்கையை ஊன்றக் கூடாது. பிறகு போகும்போது வலது கைக்குத் தடித்த கையுறை, ஐஸ் பெட்டியைத் தொடும்போதும் அதுவே. சூடான இன்ஜின் சைலன்சர் பக்கம் அந்தக் கை போகக் கூடாது. வியர்க்காத கை காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் உப்பும் அழுக்கும் போய்ச் சீழ் வைக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் இருபது நிமிடம் கையை ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்துவிட்டு, ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். விலையுள்ள கிரீம் எதுவும் வேண்டாம். பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருந்தால் மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்கள். பின்பட்டை வைத்ததாகக் கேளுங்கள், இல்லையென்றால் ஈர மணலில் காலைவிட்டு நழுவுவது அவருக்கே தெரியாது. விரல்களை நீட்டி வைக்கும் பயிற்சியும், தேவைப்பட்டால் ராத்திரியில் விரலை நீட்டித் தாங்க ஒரு கட்டையும் பிசியோதெரபியில் சொல்லித் தருவார்கள். ஒருவேளை நரம்பு திரும்பாமலே போனாலும் பால் பிராண்ட் தொடங்கி வைத்த அந்த அறுவை சிகிச்சை இருக்கிறது, அது பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

போகும்போது அப்பாவின் வலை ஊசியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிடியில் துணி சுற்றினால் எவ்வளவு பருமனில் அவர் கை நழுவாமல் பிடிக்கிறது என்று அங்கேயே சுற்றிப் பார்த்துவிடலாம்.